குழந்தையின் பாதம் உள்பக்கமாகத் திரும்புகிறதா? முழங்கால் சில்லிலிருந்து தொடங்குங்கள்

என் மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "ஏம்மா, பாப்பா காலை உள்ளே திருப்பித் திருப்பி வெச்சு நடக்குதே, கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் பார்த்தால் அக்கா சொன்னது சரிதான். இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, ஓடும்போது ஒரு கால் இன்னொரு காலைத் தட்டிக்கொண்டு, நாலடிக்கு ஒருமுறை விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். அடுத்த இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகள்: செருப்பை இடம் வலமாக மாற்றிப் போடு, விளக்கெண்ணெய் தேய்த்துக் காலை உருவி விடு, இடுப்பில் தூக்கிவைத்ததால்தான் வளைந்துவிட்டது, இனிமேல் தூக்காதே. கடைசியாக ஒரு கடையில் 'கால் திருத்தும் ஷூ' என்று 2,800 ரூபாய்க்கு ஒரு ஜோடியை வாங்கினேன். மூன்று மாதத்தில் கால் வளர்ந்து அது பத்தாமல் போனது. நடை அப்படியேதான் இருந்தது.

பிறகு போன குழந்தை எலும்பு மருத்துவர் பாதத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் முழங்கால் சில்லைப் பார்த்தார். அந்த வரிசையை முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஷூ காசாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போவதற்கு முன்னும் பின்னும் வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இங்கே இருக்கிறது.

முதல் வேலை: விழுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள்

புதிதாக நடக்கும் குழந்தை விழத்தான் செய்யும். எவ்வளவு விழும் என்பது நாம் நினைப்பதைவிட அதிகம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காரன் அடால்ஃப் என்பவரின் குழு 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடுவதைப் படம்பிடித்து எண்ணி, 2012ல் வெளியிட்டது. சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 2,368 அடி, 17 தடவை விழுதல். பாதம் நேராக இருக்கும் குழந்தைகளையும் சேர்த்த கணக்கு இது. ஆகவே 'இன்றைக்குப் பத்து தடவை விழுந்துவிட்டாள்' என்பது மட்டும் நோய்க்கு அடையாளம் ஆகாது. நடக்கத் தொடங்கி ஆறு மாதம் கழித்து முன்னைவிடக் குறைவாக விழுகிறதா, கூடுதலாக விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: தரையில் உட்கார்ந்து வீடியோ எடுங்கள்

நின்றுகொண்டு மேலேயிருந்து பார்த்தால் பாதம் மட்டும்தான் தெரியும், முழங்கால் தெரியாது. போனைத் தரையோடு தரையாக, ஒரு டம்ளரில் சாய்த்து வையுங்கள். குழந்தைக்கு ஜட்டியோ குட்டை டிரவுசரோ போதும், முழங்கால் வெளியே தெரிய வேண்டும். வெறுங்கால். கூடத்தின் ஒரு கோடியில் அப்பாவோ ஆச்சியோ பொம்மையோடு உட்கார்ந்து கூப்பிடட்டும். உங்களை நோக்கி வருவது ஒரு வீடியோ, உங்களிடமிருந்து விலகிப் போவது ஒரு வீடியோ, ஓடுவது ஒன்று. ஒவ்வொன்றும் 20 விநாடி போதும்.

"ஒழுங்கா நடந்து காட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் சிலது விறைப்பாக நடக்கும், சிலது உட்கார்ந்துவிடும். என் மகள் படுத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்திலும் களைப்பிலும் பாதம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அதனால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று எடுத்துவைப்பது நல்லது.

மூன்றாவது: எந்த இடத்தில் திரும்புகிறது?

இதுதான் முக்கியம். பாதம் உள்ளே பார்க்கிறது என்றால் கோளாறு பாதத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கால் என்பது இடுப்பிலிருந்து விரல் வரை ஒரே கோவை. தொடை எலும்பில் ஒரு முறுக்கு இருந்தாலும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் இருந்தாலும், பாதத்திலேயே வளைவு இருந்தாலும், கடைசியில் தெரிவது என்னவோ பெருவிரல் உள்ளே திரும்புவதுதான். வீடியோவை மெதுவாக ஓட்டி, குழந்தை நேராக வரும் இடத்தில் நிறுத்தி முழங்கால் சில்லைப் பாருங்கள். அதை ஒரு டார்ச் லைட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சம் எங்கே அடிக்கிறது?

சில்லு நேராக முன்னால் பார்க்கிறது, பாதம் மட்டும் உள்ளே போகிறது என்றால், முறுக்கு முழங்காலுக்குக் கீழே. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். கருப்பையில் இடம் பத்தாமல் காலை மடக்கி, சுருட்டிக்கொண்டு கிடந்ததன் மிச்சம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள பெரிய எலும்பு லேசாக உள்பக்கம் முறுகியிருக்கும். பிறக்கும்போதே இருந்தாலும் நடக்கத் தொடங்கியதும்தான் நமக்குத் தெரிகிறது. எலும்பு வளர வளர அந்த முறுக்கு தானாக வெளியே பிரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலைந்து வயதுக்குள் சரியாகிவிடும், சிலருக்கு எட்டு வயது வரை இழுக்கும். என் மகளுக்கு இதுதான்.

சில்லும் உள்ளே பார்க்கிறது, இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று ரகசியம் பேசுவது போல இருக்கிறது என்றால், முறுக்கு தொடையில். இது கொஞ்சம் பெரிய குழந்தைகளின் சமாச்சாரம், மூன்று வயதுக்கு மேல் தெரியும், ஐந்தாறு வயதில் நன்றாகத் தெரியும். பையன்களைவிடப் பெண் குழந்தைகளிடம் அதிகம். இந்தக் குழந்தைகள் ஓடும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள கால் வெளிப்பக்கமாகச் சுழற்றி வீசும். தரையில் உட்காரச் சொன்னால் சம்மணம் போடாமல், முழங்காலை முன்னால் மடக்கி இரண்டு பாதத்தையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்து உட்காரும். மேலேயிருந்து பார்த்தால் ஆங்கில 'டபிள்யூ' எழுத்து மாதிரி இருக்கும். குடும்பத்தில் விசாரித்துப் பாருங்கள், "உங்க சித்தி சின்ன வயசுல அச்சு அசல் இப்படித்தான் நடப்பா" என்று யாராவது சொல்வார்கள். பிறக்கும்போது எல்லாருக்குமே தொடை எலும்பின் கழுத்து சுமார் 40 பாகை முன்பக்கமாகத் திரும்பித்தான் இருக்கிறது. வளர்ந்து முடிக்கும்போது சுமார் 15 பாகைக்கு வந்துவிடுகிறது. அந்தக் குறைவு சிலருக்கு மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். எட்டு முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலும் சீராகிவிடும்.

சில்லும் நேர், கீழ்க்காலும் நேர், ஆனால் பாதமே முந்திரிக்கொட்டை போல வளைந்திருக்கிறது என்றால் அது பாதத்தின் வளைவு. கைக்குழந்தையிலேயே தெரியும். உள்ளங்காலைப் பார்த்தபடி, குதிகாலின் நடுவிலிருந்து விரல்களை நோக்கி நேராக ஒரு கோடு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாவது விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் இடையே போய் முடிய வேண்டும். வளைந்த பாதத்தில் அது சுண்டுவிரல் பக்கம் போய்விடும். அடுத்ததாக, பாதத்தின் வெளி ஓரத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். கூச்சத்தில் குழந்தை தானே பாதத்தை நேராக்கினால் கவலை வேண்டாம், இந்த வகை பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகும். கையால் மெதுவாக நேராக்கப் பார்த்தாலும் வராமல் விறைப்பாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. அதற்கு வாரம் ஒருமுறை மாற்றும் மாவுக்கட்டு உண்டு. ஒரு வயதுக்குள் ஆரம்பித்தால்தான் அதில் பலன் அதிகம்.

பிறவியிலேயே பாதம் முழுவதும் உள்ளேயும் கீழேயும் மடங்கி, குதிகால் மேலே ஏறி, உள்ளங்கால் பக்கவாட்டைப் பார்ப்பது வேறு விஷயம். 'கிளப் ஃபுட்' என்பது அதுதான். அது தானாகச் சரியாகாது. அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறையில், பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டு போடத் தொடங்கி அழகாக நேராக்கிவிடுகிறார்கள். கட்டு பிரித்த பிறகு தருகிற கம்பி வைத்த ஷூவை இரவில் நான்கு வயது வரைக்கும் விடாமல் போட வேண்டும். 'கம்பி ஷூ வீண்' என்று கீழே நான் சொல்லப்போவது இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான்காவது: ஈரப் பாதம்

கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் குட்டிக் குட்டிப் பாதம் வைப்போமே, அதை நிஜப் பாதத்தால் செய்வதுதான் இது. எங்கள் மாடி சிமென்ட் தரை. வெயில் தாழ்ந்த பிறகு, சாக்பீஸால் நேராக எட்டு அடிக்கு ஒரு கோடு போட்டேன். ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் அவளை நிறுத்தி, கோட்டின் மறுமுனையில் ஒரு மாரி பிஸ்கட்டை வைத்தேன். ஓடிப் போனாள். முதல் இரண்டு அடி தெப்பலாக, அடையாளமே இல்லை. மூன்றாவதிலிருந்து குதிகால் வட்டமும் ஐந்து விரல் புள்ளியும் பளிச்சென்று விழுந்தன. காய்வதற்குள் அவசரமாக ஒவ்வொன்றுக்கும் குதிகாலிலிருந்து இரண்டாவது விரல் வரை சாக்பீஸ் கோடு இழுத்து, மேலேயிருந்து படம் எடுத்துக்கொண்டேன். வலதில் மூன்று அடி, இடதில் மூன்று அடி கிடைத்தால் போதும்.

பெரிய கோட்டுக்கும் சின்னக் கோடுகளுக்கும் இடையே உள்ள சாய்வைத்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பாகைமானி வைத்து அளந்தால் இன்னும் நல்லது. என் மகளுக்கு முதல் முறை வலதில் 12, இடதில் 14 பாகை உள்நோக்கி இருந்தது. அந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. மூன்று மாதம் கழித்து, இதே மாடியில், இதே மாதிரி எடுத்ததோடு ஒப்பிடும்போதுதான் அதற்கு மதிப்பு. தினமும் எடுக்காதீர்கள். நான் முதல் வாரத்தில் நான்கு முறை எடுத்து, நான்கு விதமாக வந்து, தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

ஐந்தாவது: எப்போது காத்திருக்கக் கூடாது

மேலே சொன்ன மூன்று வகையிலும் பொதுவான ஒன்று: வலி இருக்காது, பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், நாளாக நாளாகக் குறையும். இதில் ஏதாவது ஒன்று மாறினாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் திரும்புகிறது, நொண்டுகிறது, வலி என்று அழுகிறது, முன்னைவிட மோசமாகிறது, மூட்டு விறைப்பாக இருக்கிறது, எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிறது, 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை, இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரத்திலேயே போங்கள்.

சிலவற்றை நாம் காலோடு சேர்த்து யோசிக்கவே மாட்டோம். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை எதற்கும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது, மற்ற கையை மூடியே வைத்திருக்கிறது என்றால் அது மூளை, நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நடக்கும்போது வாத்து மாதிரி பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி, தன் மேலேயே ஏறுவது போல எழுந்தால் தசை பலவீனமா என்று பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு திடீரென்று காலை ஊன்ற மறுத்தால் வாரக்கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும்.

கால் வில் போல வளைவதையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்வது உண்டு. இரண்டு வயது வரை முழங்கால்கள் விலகி வில் போல இருப்பதும், மூன்று நான்கு வயதில் நேர்மாறாக முழங்கால்கள் இடிப்பதும், ஏழு வயதுக்குள் நேராவதும் வளர்ச்சியின் போக்கு. இரண்டு வயது தாண்டியும் வில் அதிகமாகிக்கொண்டே போனால், மணிக்கட்டு தடித்திருந்தால், வைட்டமின் டி குறைபாட்டால் வரும் ரிக்கெட்ஸா என்று ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள். அதற்கு மருந்து உண்டு.

ஆறாவது: மருத்துவரிடம்

தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. கிளப் ஃபுட்டும் பிறவி இடுப்பு மூட்டு விலகலும் அதன் பட்டியலிலேயே இருக்கின்றன. அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால் குழு எப்போது வரும் என்று சொல்வார். மேல் சிகிச்சைக்கு மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது.

கொண்டுபோக வேண்டியது: வீடியோ, ஈரப் பாதப் படம், எந்த மாதத்தில் உட்கார்ந்தது, எந்த மாதத்தில் நடந்தது என்ற குறிப்பு. குறைப்பிரசவமா, பிறந்தவுடன் ஐசியுவில் இருந்ததா, பிரசவத்தில் தலை மேலே இருந்ததா என்றும் கேட்பார்கள். ஒரு பொம்மையும் எடுத்துப்போங்கள்.

பரிசோதனை சுருக்கமானதுதான். நடக்கச் சொல்லிப் பார்ப்பார். குப்புறப் படுக்க வைத்து முழங்காலை மடக்கி, உள்ளங்கால் கூரையைப் பார்க்கும்படி பிடிப்பார். மேலிருந்து பார்த்தால் தொடையின் கோடும் பாதத்தின் கோடும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது தெரியும், அது கீழ்க்கால் முறுக்கின் கணக்கு. அதே நிலையில் இரண்டு காலையும் வெளிப்பக்கம் சாயவிட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார், அது தொடையின் கணக்கு. லின் ஸ்டாஹெலி என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1985ல் ஏராளமான சாதாரணக் குழந்தைகளை இப்படி அளந்து, எந்த வயதில் எவ்வளவு இயல்பு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் அதை ஒட்டித்தான் பார்க்கிறார்கள். அபாய அறிகுறி ஏதும் இல்லாத இரண்டு வயதுக் குழந்தைக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. எடுக்கச் சொன்னால் எதற்காக என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

வெளியே வரும் முன் மூன்று கேள்விக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: முறுக்கு எந்த இடத்தில்? இரண்டு காலிலும் ஒரே அளவா? அடுத்து எந்த மாதம் காட்ட வேண்டும்? "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்" என்பதோடு அனுப்பினால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி பயம் பிடித்துக்கொள்ளும்.

எதற்கெல்லாம் காசும் கண்ணீரும் வேண்டாம்

திருத்தும் ஷூ, உள்ளே ஆப்பு வைத்த ஷூ, முறுக்குக் கம்பி, இரண்டு காலையும் இணைக்கும் பட்டை. சாதாரணக் கால் முறுக்குக்கு இவை எல்லாம் ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக்கொடுத்தவைதான். போட்ட குழந்தைகளுக்கும் போடாத குழந்தைகளுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்த பிறகு கைவிட்டார்கள். கடைகள் கைவிடவில்லை. செருப்பை இடம் வலமாக மாற்றிப் போடுவதும் இதே ரகம், கூடுதலாக விரல் நசுங்கும்.

எண்ணெய் தேய்த்து உருவுவது எலும்பை முறுக்கி நேராக்காது. ஆனால் குழந்தைக்குச் சுகமாக இருக்கிறது, பாட்டிக்கும் சந்தோஷம், மெதுவாகச் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். அழும் அளவுக்கு இழுத்து முறுக்கினால் மட்டும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் சொன்னேன்: "அத்தை, தேய்ங்க, உருவாதீங்க." இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

இடுப்பில் தூக்கிவைப்பதால் கால் வளையாது. தொடை இரண்டும் அகன்று இருக்கும் அந்த நிலை இடுப்பு மூட்டுக்கு நல்லதே. 'டபிள்யூ' மாதிரி உட்கார்ந்தால் அடிக்கிற வேலையும் வேண்டாம். அப்படி உட்கார்வதால் தொடை திரும்பவில்லை, திரும்பியிருப்பதால்தான் அப்படி உட்கார்வது அதற்கு வசதியாக இருக்கிறது. சம்மணம் வராத குழந்தைக்குக் காலை நீட்டி உட்காரச் சொல்லலாம், சின்ன முக்காலி கொடுக்கலாம்.

உட்காரவைத்து உருட்டும் வாக்கர் பற்றி ஒரு வார்த்தை. பாதம் திரும்புவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அது வேண்டாம், படியில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளுக்காகவே கனடா 2004ல் அதன் விற்பனையைத் தடை செய்தது. தள்ளிக்கொண்டு நடக்கும் நம் மர நடைவண்டி வேறு, நீங்கள் கூடவே இருந்தால் அது நல்லதுதான்.

வீட்டுக்குள் வெறுங்கால் போதும். மணிப்பாலைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 குழந்தைகளைப் பார்த்து 1992ல் எழுதினார்கள்: சின்ன வயதிலிருந்தே ஷூ போட்டவர்களிடம் தட்டைப் பாதம் அதிகம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களிடம் குறைவு. அது தட்டைப் பாதம் பற்றிய ஆய்வுதான், முறுக்கைப் பற்றியது இல்லை. இருந்தாலும் ஷூ போட்டால்தான் கால் ஒழுங்காக வளரும் என்பவருக்கு அது நல்ல பதில். வெளியே போகும்போது அடி வளையக்கூடிய, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் உள்ள செருப்பு வாங்குங்கள். 'வளர்ற புள்ள' என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால், ஏற்கெனவே தட்டிக்கொள்ளும் கால் அதிலும் தடுக்கி விழும்.

அறுவை சிகிச்சை? உண்டு, எலும்பை வெட்டித் திருப்பி வைப்பார்கள். எட்டுப் பத்து வயதுக்கு மேலும் முறுக்கு மிக அதிகமாக இருந்து, நடப்பதும் ஓடுவதும் நிஜமாகவே சிரமமாக இருக்கும் வெகு சிலருக்கு மட்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு யாராவது அதைப் பற்றிப் பேசினால் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'மாடி, தாம்பாளம், பிஸ்கட்' என்று குறித்து வைத்திருந்தேன். 12ம் 14ம் ஆக இருந்தது, அடுத்த முறையும் ஏறக்குறைய அதுவே. ஒரு வருஷம் கழித்து 9, 10. மூன்றரை வயதில் 5, 5. நான்கு வயதில் எடுக்கப் போனபோது அவள் தாம்பாளத்தில் நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள், கால் தட்டாமல்.